நோட்டீஸில் இருக்கிற பிள்ளை

அந்த நோட்டீஸில் இருப்பது நான்தான் அக்கா.

நீங்கள் அதைப் பிரிப்பதும் மடிப்பதுமாக வருகிறீர்கள், அதனால் சொல்கிறேன். இல்லாவிட்டால் பஸ்ஸில் நான் யாரிடமும் பேச மாட்டேன். படத்தில் முகம் தெரியாது. குனிந்திருக்கிறேன். தலைக்கு வலைத் தொப்பி, பச்சைக் கோட்டு. மடியில் ஒரு பிள்ளை பால் குடிக்கிறது, அதையும் துண்டு போட்டுப் பாதி மூடியிருக்கிறது. ஆனால் கையைப் பாருங்கள், கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறதா? இதோ, இந்த விரல்தான். ஷூவுக்குத் தோல் ஒட்டுகிற பசை அது. கம்பெனியில் சொல்யூஷன் என்போம். சோப்புப் போட்டாலும் போகாது.

கீழே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், வேலைக்கு ஆள் தேவை, தாய்மார்களுக்கு முன்னுரிமை, குழந்தைகள் காப்பகம் உண்டு என்று. உண்டா என்று நீங்கள் கண்டக்டரைக் கேட்டீர்கள். அவருக்கு என்ன தெரியும், சிரித்துவிட்டுப் போய்விட்டார். உண்டு அக்கா. ரூம் இருக்கிறது. நிஜமாகவே இருக்கிறது. சுவரில் கிளி வரைந்திருக்கிறது, ஆரஞ்சுக் கலரில் ஒரு யானை. தொட்டில் இருக்கிறது.

உங்கள் பையன் தூங்கட்டும். கால் என் மேல் பட்டால் படட்டும், பரவாயில்லை.

நான் எப்போதும் கம்பெனி வேனில்தான் போவேன். இன்று பாப்பாவுக்குத் தடுப்பூசி, அதனால் அரை நாள் பெர்மிஷன் கொடுத்தார்கள். அதெல்லாம் கொடுப்பார்கள், குறை சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "அம்மா யாரு, கால இறுக்கிப் புடிங்க" என்றார்கள். நான்தான் பிடித்தேன். ஊசி போட்டதும் பாப்பா அழுதுகொண்டே அத்தையிடம் தாவிவிட்டாள். அத்தை என்றால் என் மாமியார். தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு திரும்பவே இல்லை. நர்ஸம்மா என்னைப் பார்த்து, "நீ யாரும்மா, சித்தியா?" என்றார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அதை விடுங்கள்.

பாப்பா பெயர் தன்விகா. அவள் வயிற்றில் இருக்கும்போதே நான் இந்தக் கம்பெனியில் ஒட்டுகிற டேபிளில்தான் இருந்தேன். வயிறு பெரிதானதும், வேலையை விட்டு நிற்கிறேன் என்று எழுதிக் கொடு என்றார்கள், கொடுத்தேன். பிள்ளைக்குத் தலை நிற்பதற்குள் வேனில் ஆள் வந்து, "சீசன் ஆரம்பிச்சிடுச்சி, வரியா?" என்று கேட்டார்கள். புதிதாகச் சேர்வது மாதிரி மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். புது ஆளுக்கு என்ன சம்பளமோ அதுதான். ஆனாலும் விட்டுப் போனவளைத் தேடி வந்து கூப்பிடுகிறார்களே, எத்தனை கம்பெனியில் செய்வார்கள்? என் வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, எப்போதாவது வருவார். அத்தைதான், "நீ போ, புட்டிப் பால் குடுத்து நான் பாத்துக்கறன்" என்றது.

பிள்ளை வீட்டில், பால் என்னிடம். அதுதான் கஷ்டம், வேறு ஒன்றும் இல்லை. காலை டீக்கு முன்பே மார்பு கட்டிக்கொள்ளும். கல் மாதிரி ஆகிவிடும். உள்ளே தைக்கிற லைனிங் துணி வெட்டும்போது துண்டு துண்டாக விழும். அதை எடுத்து மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வேன். பாத்ரூமுக்குப் போய்ப் பிழிந்து விட்டு, ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். சாயங்காலம் கேட்டில் சோதனை பண்ணுகிற செக்யூரிட்டி அம்மா ஒருநாள் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி உள்ள? கம்பெனி துணிய கடத்திகினு போறியா?" என்றது. எடுத்துக் காட்டினேன். ஈரமாக இருந்தது. "அய்ய, உள்ள வெய்யி, உள்ள வெய்யி" என்று சிரித்தது. அதற்கப்புறம் என்னைச் சோதிக்கிறதே இல்லை. "பால்காரி வரா, வழி விடுங்கடி" என்னும். நல்ல அம்மாதான்.

வீட்டுக்குப் போய்த் தூக்கினால் பாப்பா முதலில் எல்லாம் குடித்தாள். அப்புறம் முகத்தைத் திருப்ப ஆரம்பித்தாள். சொல்யூஷன் வாடை பிடிக்கவில்லை போல. அத்தை, "அதுக்குப் புட்டி பழகிடுச்சி, சும்மா அழ வெக்காத" என்றது. ஆனால் தூக்கத்தில் குடிப்பாள். கண்ணைத் திறக்காமல் தேடி வந்து குடிப்பாள். எனக்கு அது போதும் என்று இருந்தேன். அதுவரைக்கும் பால் வற்றாமல் இருந்தால் போதும்.

அந்த நேரத்தில்தான் ஆடிட் வந்தது.

ஆடிட் என்றால், வெளிநாட்டில் எங்கள் ஷூவை வாங்குகிறவர்களுக்காக ஒருவர் வந்து, கம்பெனி சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பது. வருவதற்கு முன் எங்களுக்கு கேன்டீனில் வகுப்பு நடக்கும். ஆபீஸில் பிரதாப் சார் என்று இருக்கிறார். மைக் பிடித்துக்கொண்டு சட்டமெல்லாம் சொல்லிக் கொடுப்பார். நேரத்துக்கு மேல் வேலை செய்தால் இரண்டு பங்கு சம்பளம். வாரத்துக்கு ஒரு நாள் லீவு. பதினான்கு வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. பிரசவத்துக்கு இருபத்தாறு வாரம் சம்பளத்தோடு லீவு, அந்த நேரத்தில் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகிறவரை பால் கொடுக்கத் தினமும் இரண்டு இடைவேளை. ஐம்பது பேருக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம். தாய் அங்கே ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம்.

எனக்கு எல்லாம் அன்றுதான் தெரியும். எவ்வளவு இருக்கிறது அக்கா, சட்டத்தில். கேட்க நன்றாக இருந்தது. நாம் போகாத கல்யாணத்தில் என்னென்ன போட்டார்கள் என்று யாரோ சொல்வார்களே, அந்த மாதிரி.

பின்னால் இருந்து ஒருத்தி, "சார், ரெண்டு தடவ பால் குடுக்கணும்னா பஸ் புடிச்சி ஊருக்குப் போயிட்டு வரதா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். பிரதாப் சாரும் சிரித்தார். "அது ஆடிட்ல கேக்க மாட்டாங்கம்மா. இடைவேளை கிடைக்குதான்னு கேப்பாங்க. கிடைக்குது மேடம்னு சொல்லணும். அவ்ளோதான்" என்றார்.

சரியாகச் சொல்கிறவர்களுக்கு டிபன் பாக்ஸ் என்றார். நான் எட்டாவதோடு நின்றவள், ஆனால் மனப்பாடம் எனக்கு நன்றாக வரும். பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான், அர்த்தம் கேட்டால் முழிப்பேன், ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பித்துவிடுவேன். எழுந்து நிற்கத்தான் வெட்கம். எங்கள் லைன் சூப்பர்வைசர் ரமணி அக்கா முதுகில் குத்தி எழுப்பிவிட்டார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். கை தட்டினார்கள். டிபன் பாக்ஸ் எனக்குத்தான். இதோ, பையில் இருக்கிறதே, இதுதான். மூடி இறுக்கமாக இருக்கும், குழம்பு ஒழுகாது.

வகுப்பு முடிந்ததும் பிரதாப் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நிரோஷா, உன் கொழந்தய அன்னைக்கி எடுத்துகினு வா. வேன் அனுப்பறன். ஆடிட் நல்லபடியா முடிஞ்சா அந்த ரூமத் தொறந்தே வெச்சிடலாம்னு முதலாளி சொல்லியிருக்காரு" என்றார்.

தொறந்தே வெச்சிடலாம். அந்த ஒரு சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். ரூம் திறந்தால் பாப்பாவை வேனிலேயே கொண்டுவந்துவிடலாம். பாத்ரூமில் ஊற்றுவதை அவள் வாயில் கொடுக்கலாம். ரூமில் அதுவரை ஷூ அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தார்கள். அதையெல்லாம் எடுத்து ஓடாத பஸ் ஒன்றில் அடைத்துவிட்டு, கழுவி, பொம்மை வாங்கி வைத்தார்கள். பொம்மைக்கு மேல் இருக்கிற கவரைப் பிரிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள்.

ஆடிட் அன்று பாப்பாவுக்குக் காய்ச்சல். நான் கம்பெனியில் இருக்கிறேன், வேன் ஊருக்குப் போய் வெறுமையாகத் திரும்பி வந்தது. "காய்ச்சல் புள்ளய கண்காட்சிக்கா அனுப்புவாங்க?" என்று அத்தை டிரைவரை விரட்டிவிட்டதாம். ஆபீஸ் ஆட்கள் இருக்கிற குவார்ட்டர்ஸில் இருந்து மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். ஆனால் பால் குடிக்கிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. பிரதாப் சாருக்கு முகம் வேர்த்துவிட்டது. "ஒண்ணாவது வேணும் ரமணி. தொட்டில் காலியா இருந்தா எப்படி?" என்றார். ரமணி அக்கா என்னைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் நான் சொன்னேன், "சலோமிகிட்ட ஒண்ணு இருக்குது."

சலோமி பாத்ரூம் கழுவுகிறவள். தோல் துண்டு கூட்டிப் பின்பக்க ஷெட்டில் கொட்டுகிறவள். காண்ட்ராக்ட் ஆள், கம்பெனி கார்டு கிடையாது. வீட்டில் பார்த்துக்கொள்ள யாரும் இல்லாததால் பிள்ளையைத் துணிக்கட்டு மாதிரி சுற்றிக் கொண்டுவந்து, ஷெட்டில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் படுக்க வைத்திருப்பாள். நான் லைனிங் துண்டு எடுக்கப் போனபோது ஒருநாள் பார்த்துவிட்டேன். வாயில் விரல் வைத்துக் காட்டினாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றுதான் சொன்னேன், அதுவும் நல்லதுக்குத்தானே? ஆடிட் நல்லபடியாக முடியட்டும், ரூம் திறக்கட்டும், அவள் பிள்ளைக்கும்தானே ரூம்?

பிரதாப் சார் வாட்சைப் பார்த்தார். அப்புறம் ரமணி அக்காவிடம், "தூக்கினு வா" என்றார்.

ஆடிட் அன்று காண்ட்ராக்ட் ஆட்களைப் பின் கேட் வழியாக வெளியே அனுப்பிவிடுவார்கள். சாயங்காலம்வரை புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். சலோமியும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேதான் இருந்தாள். ரமணி அக்கா போய்க் கேட்டு வாங்கிவந்தார்கள். எப்படிக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. பையன் பெயர் ஈசாக்கு. சட்டை மட்டும் போட்டிருந்தான். முடியில் தோல் தூள்.

தொட்டிலில் போட்டதும் அழ ஆரம்பித்தான். நான் பக்கத்தில் நிற்கிறேன். அவன் அழ அழ எனக்குக் கோட்டு நனைகிறது. அது நம் பேச்சைக் கேட்காது அக்கா, உங்களுக்குத் தெரியும். வெளியே ஷூ சத்தம் கேட்டது. ரமணி அக்கா, "அழ விடாதடி, எதனா பண்ணு" என்றார்கள். எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். உடனே பிடித்துக்கொண்டான். முகத்தைத் திருப்பவில்லை. சொல்யூஷன் வாடை அவனுக்குப் பழக்கம்தானே, அதற்குள்ளேயே கிடக்கிறவன்.

அப்போது எனக்கு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். ஒன்றும் தோன்றவில்லை. கல் கரைகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

ஆடிட் மேடம் சென்னைக்காரர். கண்ணாடி போட்டு, மெதுவாகப் பேசுவார். வாசலிலேயே நின்றுவிட்டார். "வெரி நைஸ்" என்றார். "முகம் தெரியாம ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாம்மா?" என்றார். அதைத்தான் கம்பெனி வாங்கி நோட்டீஸில் போட்டிருக்கிறது, உங்கள் கையில் இருக்கிற படம். அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தினமும் பால் கொடுக்க நேரம் கொடுக்கிறார்களா என்று கேட்டார். கிடைக்குது மேடம் என்றேன். ரூம் தினமும் திறந்திருக்கிறதா என்றார். இருக்குது மேடம் என்றேன். பிரசவத்துக்கு லீவு? இருபத்தாறு வாரம் மேடம்.

"பேர் என்ன?"

என் பெயரைக் கேட்கிறாரா பிள்ளை பெயரைக் கேட்கிறாரா என்று யோசிக்கவே இல்லை. "தன்விகா" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஈசாக்கு காலை உதறினான். துண்டு நழுவிவிட்டது. கீழே ஒன்றும் போடாத பிள்ளை, ஆண் பிள்ளை என்று நன்றாகத் தெரிகிறது. மேடம் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிரதாப் சாரைப் பார்த்தார். நான் குனிந்து ஈசாக்கின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் ஒன்றும் கேட்கவில்லை. துண்டை எடுத்துச் சரியாகப் போர்த்திவிட்டு, ஃபைலை மூடிக்கொண்டு, "நல்லா பாத்துக்கோங்க" என்று எழுந்து போய்விட்டார். நல்ல மனசு. வேறு யாராவது இருந்தால் தோண்டித் தோண்டிக் கேட்டிருப்பார்கள்.

பாஸ் ஆகிவிட்டது. எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

ரூமா? மறுநாளே பெட்டி திரும்ப வந்துவிட்டது. சீசன் அக்கா, பெட்டி வைக்க வேறு இடம் இல்லை. சீசன் முடியட்டும் என்றார் பிரதாப் சார். முடியாது என்று சொல்லவில்லை.

நான் இவ்வளவு நேரம் சொன்னது அதற்காக இல்லை. எனக்குக் கம்பெனி மேல் ஒன்றும் வருத்தம் இல்லை. சலோமி மேல்தான்.

அதற்கப்புறம் நான் டீ நேரத்தில் பாத்ரூமுக்குப் போவதை விட்டுவிட்டு ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தேன். எப்படியும் கொட்டப் போகிற பால்தானே. யாராவது குடித்துக்கொண்டிருந்தால் வற்றாது, ரூம் திறக்கிறவரை தாங்கும் என்று கணக்கு. சலோமி முதலில் ஒன்றும் சொல்லவில்லை. துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு வாசலில் நின்று பார்த்துக்கொள்வாள். அவளுக்கே பால் சரியாக இல்லை. அப்புறம், "தெனமும் வராத, ஆளுங்க பாக்கறாங்க" என்றாள். பார்த்தால் என்ன, பால்தானே கொடுக்கிறேன் என்றேன். நீங்களே சொல்லுங்கள், தப்பா?

ஒருநாள் ரமணி அக்கா என் பின்னாலேயே வந்துவிட்டார்கள். டீ நேரத்தில் எங்கே போகிறாள் என்று பார்க்க வந்தார்கள். என் மடியில் ஈசாக்கு, பக்கத்தில் அட்டைப்பெட்டி. விஷயம் ஆபீஸுக்குப் போனது. பிரதாப் சார் ஷெட்டுக்கே வந்தார்.

"இது இங்க தெனமும் வருதா? அன்னைக்கி ஒருநாளுன்னு நெனச்சேன்" என்றார். "பதினாலு வயசுக்குக் கீழ யாரும் கம்பெனிக்குள்ள இருக்கக் கூடாது. குழந்தைத் தொழிலாளர் சட்டம். வகுப்புல சொன்னேனா இல்லையா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். சொன்னீங்க சார் என்றேன். சொன்னார்தான், எனக்கு மனப்பாடம்.

சலோமி துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு வந்தாள். பிள்ளையை என் மடியில் இருந்து எடுத்தாள். குடித்துக்கொண்டிருந்தவன், வாயில் இருந்து வழிந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை. பின் கேட்டில் திரும்பி என்னிடம் சொன்னாள், "உனக்கு ரொம்பினா பாத்ரூம்ல ஊத்தியிருக்கலாம் இல்லடி. நான்தான் தெனமும் கழுவி விட்டேனே. எம் புள்ளய ஏண்டி காமிச்சிக் குடுத்த?"

அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் வரவே இல்லை. அவளாக நின்றுவிட்டாள் என்று ரமணி அக்கா சொன்னார்கள். இப்போது மாதனூர் பக்கம் எங்கேயோ செங்கல் சூளையில் இருக்கிறாளாம். பால் கொடுத்தவளைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா? அதுதான் எனக்கு வருத்தம். மற்றதெல்லாம் மறந்துவிட்டது. வேலை செய்யும்போது அந்தச் சொல் மட்டும் வரும், சொல்யூஷன் தடவிக்கொண்டே இருப்பேன், தோல் காய்ந்துபோகும், ரமணி அக்கா கத்துவார்கள்.

பால் கொஞ்ச நாளில் நின்றுவிட்டது. ஒரு விதத்தில் நல்லது, துணி வைக்க வேண்டியது இல்லை. செக்யூரிட்டி அம்மா இன்னும் பால்காரி என்றுதான் கூப்பிடும். பாப்பா தூக்கத்தில் தேடி வருவாள். ஒன்றும் வராது. கொஞ்சம் இழுத்துப் பார்ப்பாள், அப்புறம் அத்தை பக்கம் உருண்டுவிடுவாள். இப்போது தேடுவதும் இல்லை.

ரயில்வே கேட் வந்துவிட்டது. அடுத்த ஸ்டாப்தான்.

உங்களை எடுத்துக்கொள்வார்கள் அக்கா, பயப்படாதீர்கள். போன முறை பிள்ளை கிடைக்காமல் கஷ்டப்பட்டார்கள் இல்லையா, அதனால்தான் இப்போது தாய்மார்களுக்கு முன்னுரிமை. அடுத்த ஆடிட் வருகிறது. பையனையும் காட்டுங்கள். என்ன கேட்பார்கள் என்று நான் சொல்லித் தருகிறேன், ஒன்றும் கஷ்டம் இல்லை. பால் கொடுக்க இரண்டு இடைவேளை, கிடைக்குது மேடம். ரூம் தினமும் திறந்திருக்கிறது, இருக்குது மேடம். இருபத்தாறு வாரம் சம்பளத்தோடு லீவு, குடுத்தாங்க மேடம். எங்கே, ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.

ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்? வெட்கமாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. நிமிரவே வேண்டாம் அக்கா. மடியில் யார் பிள்ளை இருந்தாலும் சரி, குனிந்து அதன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள். குரல் நடுங்காது.